கிழக்கே நின்ற வெளிச்சம்

2023 நவம்பரில் ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்கு மூணாறிலிருந்து என் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். "அத்தான், கிழக்கே மலைக்கு மேலே பெரிய வெளிச்சம், அசையாமல் நிற்கிறது. ட்ரோன் என்கிறார்கள். லயத்துப் பெண்கள் தண்ணீருக்குப் போகவே பயப்படுகிறார்கள்" என்றார்.

பாலக்காட்டில் மொட்டைமாடிக்குப் போனேன். எனக்கும் அது தெரிந்தது. இரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன். தூரத்து விளக்கைக் கண்டால் நகர்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். "சன்னல் கம்பிக்கு நேராக வைத்துக் கால் மணி நேரம் பார்" என்றேன். இரண்டு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது, சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு சேர்ந்தே. விமானமானால் சில நிமிடங்களில் கடந்து போயிருக்கும். இது நம் பாட்டிமார் நேரம் பார்த்த விடிவெள்ளி, சுக்கிரன்.

வெள்ளியை மூடியுள்ள அடர்ந்த மேகங்கள் சூரிய ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி விடுகின்றன. அதனால்தான் அத்தனை பிரகாசம். சூரியனை விட்டு சுமார் 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே சில மாதம் விடியலில் கிழக்கே, சில மாதம் அந்தியில் மேற்கே தெரியும். இந்தச் சுற்று முடிய 584 நாள்.

ஏமாந்தது நாம் மட்டுமல்ல. 2012-13இல் லடாக் எல்லையில் நம் இராணுவத்தினர் இரண்டு ஒளிகளைச் சீன உளவு விமானங்கள் என்றே பல மாதங்கள் சந்தேகித்தனர். அவை வெள்ளியும் வியாழனும் என்று பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் கண்டு சொன்னது.

மறுநாள் மைத்துனர் லயத்துப் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து வந்து காட்டினாராம். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.