குத்தகைக் குடியானவர்களின் கால்நடைப் பதிவும் இடப்பெயர்ச்சி விதிகளும்

செங்கற்பட்டு ஜில்லாவில், பாலாற்றங்கரையிலும் மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரைக் கிராமங்களிலும், பிறர் நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்திற்கோ எடுத்துப் பயிர் செய்யும் சிறு குடியானவர்கள் அநேகர் உளர். இவர்கள் உழும் நிலம் பிறருடையதாயினும், தொழுவத்தில் நிற்கும் மாடு தம்முடையதேயாம். விளைவு பொய்த்த வருஷத்தில் அவர்கள் குடும்பத்தைக் காப்பது அம்மாட்டின் பாலும் எருவுமேயாகும். ஆகையால் கால்நடைப் பதிவு, இடப்பெயர்ச்சி ஆகியவற்றைப் பற்றிய விதிகளை அவர்களும், நிலமுடையோரும், கிராம உத்தியோகஸ்தர்களும் செவ்வனே அறிந்திருத்தல் அவசியம்.

இவ்விதிகள் புதிதாய் முளைத்தவையல்ல. சென்னை மாகாணத்தில் 1866-ம் வருஷத்திலேயே கால்நடை நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அக்காலத்தில் ஊர் ஊராய் மாடுகளைக் கொள்ளைகொண்ட வெக்கை நோய், இந்தியாவில் கடைசியாக 1995-ல் காணப்பட்டது; 2011-ல் உலகத்தினின்றே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியோடு, நோய் கண்ட இடத்துக் கால்நடைகளை வெளியே ஓட்டாது நிறுத்தி வைத்த கட்டுப்பாடும் இவ்வெற்றிக்குக் காரணமாகும். இக்காலத்தில் கோமாரி, கன்றுவீச்சு முதலிய நோய்களை எதிர்த்து அதே முறை கையாளப்படுகின்றது.

2019-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கப்பெற்ற தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்படி, மாட்டினங்களுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை இலவசமாய்ப் போடப்படுகின்றது. நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்குக் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி ஆயுளில் ஒருமுறை போடப்படும். ஊசி பெறும் மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் நிறக் காதுவில்லை பொருத்தப்படும். மாட்டின் இனம், வயது, ஈற்று, போட்ட ஊசி ஆகிய விவரங்களும், உடையவரின் பெயரும் ஊரும் அவ்வெண்ணின்கீழ்ப் பதியப்படும்.

பட்டா இல்லாதவருக்குக் காதுவில்லை கிடைக்காது என்று குத்தகைதாரர் சிலர் எண்ணி ஒதுங்கி நிற்கக்கூடும். இது தவறு. பதிவு செய்யப்படுவது மாடேயன்றி நிலமன்று. ஆதலின் மாட்டை உடையவர் பட்டா காட்ட வேண்டுவதில்லை. அவ்வாறே, தம் நிலத்தில் கட்டிய மாடு குத்தகைதாரர் பெயரில் பதியப்பட்டால் நிலத்தில் அவருக்குப் பாத்தியதை ஏற்பட்டுவிடுமோ என்று நிலமுடையோர் ஐயுறலாம். குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கு 1969-ம் வருஷத்துச் சட்டம் தனியே உள்ளது. அது ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த காரியம். காதுவில்லைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மாட்டை விற்றால் காதுவில்லையை அறுக்கலாகாது. வாங்கினவர் பெயருக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். வில்லை அறுந்து விழுந்தால் உடனே கால்நடை மருந்தகத்தில் தெரிவித்து வேறு பெற வேண்டும். மாடு இறந்தபின் காப்புறுதித் தொகை கேட்பவர், இறந்த மாடு இன்னதென்று வில்லையைக் கொண்டே காட்ட வேண்டியிருக்கும்.

நோய் கண்டவிடத்து அறிவிக்கும் கடமை யாருடையது? 2009-ம் வருஷத்து மத்தியச் சட்டத்தின்படி, கால்நடையை உடையவர் மட்டுமன்றி, அதனைத் தம் வசத்தில் வைத்திருப்பவரும் கிராம அலுவலருக்கேனும் ஊராட்சிக்கேனும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். எனவே வாரத்திற்கு மாடு வளர்ப்பவர், 'மாடு என்னுடையதன்று' என்று வாளாவிருத்தல் கூடாது. நோயுற்ற மாட்டை மற்றவற்றினின்று பிரித்துக் கட்டுதலும் அவர் கடமையே. தகவல் பெற்ற அலுவலர் அதனைக் கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். இச்சட்டத்தை மீறுதல் அபராதத்திற்குரிய குற்றமாகும்.

ஒரு பிரதேசம் ஒரு நோயின் பொருட்டுக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியென அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டால், அந்நோய்க்குரிய இனத்துக் கால்நடைகளைக் கட்டிய இடத்தை விட்டு ஓட்டக்கூடாது. இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஊசி போடுவதற்காக மிக அருகிலுள்ள இடத்திற்குக் கொண்டுபோகலாம்; செல்லத்தக்க ஊசிச் சான்றிதழும் அடையாளமும் உள்ள கால்நடையையும் கொண்டுபோகலாம். இரண்டு கிராமங்களில் குத்தகை நிலம் வைத்திருப்பவர் இதனை விசேஷமாய்க் கவனிக்கவேண்டும். உழவுக்கு அவசரமென்று நோய் கண்ட ஊரிலிருந்து மாட்டை ஓட்டிச் சென்றால், அடுத்த ஊர்த் தொழுவங்களுக்கும் நோய் பரவக்கூடும்.

சாதாரண காலத்திலும் சில விதிகள் உண்டு. கிராம எல்லையிலிருந்து சேருமிடம் ஐந்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஆனால், நடத்திச் செல்வதைப் பற்றிய 2001-ம் வருஷத்து விதிகள் பொருந்தும். ஒவ்வொரு கால்நடையும் நடக்கத்தக்கதென்று மருத்துவரின் சான்று பெறவேண்டும். பசுவை நாளொன்றுக்கு 30 கிலோமீட்டருக்கும், எருமையை 25-க்கும், கன்றுகளை 16-க்கும் மேல் நடத்தலாகாது. ஈன்று 72 மணி நேரம் ஆகாததையும், நொண்டி, குருடு, நோயுற்றது ஆகியவற்றையும் நடத்தலாகாது. அடுத்த வயலுக்கோ பக்கத்துக் கிராமத்திற்கோ ஓட்டும் குறுந்தூரத்திற்கு இவ்விதிகள் தடையல்ல. லாரியில் ஏற்றுவதாயின், 1978-ம் வருஷத்து விதிகளின்படி ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது; மருத்துவர் சான்றும் உடன் செல்லும் ஆளும் வேண்டும்; வேறு சரக்குகளைக் கலந்து ஏற்றவும் கூடாது.

இந்த ஜில்லாவில் வளர்க்கப்படும் மெட்ராஸ் சிவப்பு இனச் செம்மறியாடுகளைத் தரிசு நிலங்களில் கிடை கட்டி உரமேற்றுவது வழக்கம். வெளியூர்க் கிடையை அமர்த்துமுன், அம்மந்தைக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்று நிலமுடையவர் விசாரித்தல் நலம். சில நாள் எருவுக்காக ஊர் ஆடுகள் முழுவதையும் பணயம் வைத்தல் விவேகமாகாது.

மிராசுதாரரின் மாடும் குத்தகைதாரரின் மாடும் ஒரே ஏரியில் நீர் குடிக்கின்றன. ஒரே மேய்ச்சலில் மேய்கின்றன. ஊசி போடாத ஒரு மாடு நின்றாலும் ஊருக்கு அபாயமே. ஆதலின், ஊசி முகாம் நாளை முன்னதாகவே அறிவித்து, ஊருக்குப் புறம்பே கொல்லையில் குடியிருப்போருக்கும் அச்செய்தி எட்டச் செய்வது கிராம உத்தியோகஸ்தர் கடமை. அன்றைக்குக் குத்தகைதாரருக்கு வேலையினின்று அரைநாள் ஒழிவு தருவது நிலமுடையோர் கடமை. மாட்டைத் தவறாது கொண்டுவந்து நிறுத்துவது குடியானவர் கடமை. இம்மூன்றும் ஒன்றுகூடினால் கோமாரியும் வெக்கை நோய் போன வழியே போகுமென்பதில் ஐயமில்லை.