போர்டு மாட்டறதுக்கு முன்னால... பெயரைப் பூட்டுங்க சார்!

கடை திறப்பதில் நம்ம ஆட்கள் படு ஜாக்கிரதை. நாள் பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள், நியூமராலஜிக்காரர் சொன்னார் என்று பெயரில் ஒரு 'ஏ' கூடுதலாகச் சேர்ப்பார்கள். பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பார்கள். 'அந்தப் பெயரை ரிஜிஸ்டர் பண்ணியாச்சா?' என்று நான் கேட்டால் மட்டும், 'அதான் ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கிட்டோமே சார்!' என்பார்கள்.

வாங்கினீர்கள், சரி. அது வரி கட்டுவதற்கு. பெயருக்குப் பூட்டு, டிரேட் மார்க் பதிவுதான்.

காப்பியடிக்கிறவன் உங்கள் பெயரை அப்படியே வைக்க மாட்டான். பாதியை மாற்றுவான். லாகூரில் 1901-ல் பிறந்த மருந்து 'அமிர்ததாரா'. கான்பூரில் 1923-லிருந்து விற்றது 'லட்சுமண்தாரா'. இரண்டாவது ஆசாமி 1950-ல் பதிவு கேட்டு விண்ணப்பிக்க, முதல் ஆசாமி எதிர்த்தார். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1962-ல் தீர்ப்பு வந்தது. வாங்க வருகிறவர் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட மாட்டார், அரைகுறை ஞாபகத்தோடுதான் வருவார், எனவே குழப்பம் வரும் என்றது கோர்ட்.

அப்படியானால் அமிர்ததாராவுக்கு முழு வெற்றியா? அதுதான் இல்லை! இத்தனை வருஷம் தெரிந்தும் சும்மா இருந்தீர்களே என்று சொல்லி, உத்தரப்பிரதேசத்துக்கு மட்டும் லட்சுமண்தாராவுக்குப் பதிவு கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். தூங்கினால் பூட்டும் பாதிதான் பூட்டும்.

பெயர் எப்படி இருக்க வேண்டும்? 'மேஜிக் மசாலா' என்று நூடுல்ஸ் விற்ற ஐ.டி.சி., 'மேஜிக்கல் மசாலா' என்று விற்ற நெஸ்லே மீது சென்னை ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. 'மேஜிக்' பொருளைப் புகழும் சொல், அதை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2020-ல் தீர்ப்பு. அத்தனை பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், 'சூப்பர் டேஸ்ட் இட்லிப் பொடி'யை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? அர்த்தமே இல்லாத 'கோடக்' மாதிரி, கற்பனையில் பிறந்த பெயருக்குத்தான் பலம் அதிகம்.

இனி, செய்ய வேண்டியது. டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று காசில்லாமல் தேடலாம். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். இட்லிப் பொடி 30-வது வகுப்பு, ஓட்டல் 43-வது. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையம் வழியாக ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால் டிரேட் மார்க்ஸ் ஜர்னலில் வரும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் சர்ட்டிபிகேட். பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

அதுவரை பெயர் பக்கத்தில் 'டி.எம்.' போட்டுக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்து, பதிவான பிறகுதான். பதிவாகாமல் போட்டால் சட்டப்படி அபராதம் உண்டு; 2024 வரை மூன்று வருஷ ஜெயில் தண்டனைக்கே சட்டத்தில் இடமிருந்தது. முதல் நாள் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். யார் முதலில் பயன்படுத்தினார்கள் என்ற சண்டையில் அதுதான் சாட்சி.

இன்னொரு விஷயம். எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள், ஒரே ஆபீஸ், ஒரே மேன்ஷன் ரூம். லீவு நாளில் பிரியாணி பார்சல் வியாபாரம் ஆரம்பித்தார்கள். பிரியாணி ஓடியது, நட்பு ஓடவில்லை. பிரிந்தபோது அடுப்பும் அண்டாவும் ஆளுக்குப் பாதி. பெயரை எப்படிப் பாதியாக்குவது? விண்ணப்பத்தில் ஒருத்தர் பெயர் மட்டும்தான் இருந்தது. இன்னொருத்தர் மூன்று வருஷ உழைப்பை அந்தப் பெயரோடு விட்டுவிட்டு, புதுப் பெயரில் முதல் பொட்டலத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பார்ட்னர் எவ்வளவு உயிர் நண்பனாக இருந்தாலும், பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

பிள்ளைக்குப் பெயர் வைத்தால் பர்த் சர்ட்டிபிகேட்டுக்கு மெனக்கெட்டு அலைகிறோம். அதைவிடத் தூக்கம் கெட்டு வளர்க்கிற கடைக்கும் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க. அப்புறம் பூசணிக்காய் உடைக்கலாம்!