தண்டுவட மரப்பு நோய்: ஆய்வுக்கூடமும் நோயாளர் சங்கமும்

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் கொழுப்பு உறையை, உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கி அரிப்பதால் உண்டாகும் நாட்பட்ட நோய், மருத்துவர்களால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றும், அரசு ஆவணங்களில் தண்டுவட மரப்பு நோய் என்றும், நோயாளிகளால் சுருக்கமாக எம்.எஸ். என்றும் வழங்கப்படுகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 29 லட்சம் பேரைப் பற்றியுள்ள இந்நோய், பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், அதாவது படிப்பை முடித்து வேலைக்கும் குடும்பத்துக்கும் அடித்தளம் இடும் பருவத்தில் தலைகாட்டுகிறது; ஆண்களைக் காட்டிலும் பெண்களை இரு மடங்குக்கும் மேலாகப் பாதிக்கிறது. பாரிஸ் நகரின் சல்பேத்ரியே மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோ 1868இல் இதைத் தனியொரு நோயாக வரையறுத்த பிறகு, அதன் போக்கை மாற்றக்கூடிய முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த பெருமாற்றத்தை ஆய்வுக்கூடத்தின் சாதனையாக மட்டும் எழுதினால் வரலாற்றின் ஒரு பாதி விடுபட்டுப்போகும்; நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் கூடி அமைத்த சங்கங்களே அதன் மறுபாதியாகும்.

உறை அரிக்கப்படும்போது

மயலின் உறை கொண்ட தடித்த நரம்பிழையில் மின்சைகை விநாடிக்கு 100 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் செல்லும். உறையற்ற மெல்லிய இழையிலோ அது ஓரிரு மீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. உறையின் இடையிடையே உள்ள ரேன்வீர் கணுக்களில் மட்டும் சோடியம் அயனிகள் உட்புகுந்து, சைகை ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவிச் செல்வதே இந்த வேகத்துக்குக் காரணம். உறை அரிக்கப்பட்ட இடத்தில் சைகை தளர்கிறது, சிதறுகிறது, சில வேளைகளில் நின்றும்போகிறது. எந்த இடத்து உறை பழுதாகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு ஒரு கண்ணின் பார்வை மங்கும். இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும். வேறொருவருக்கு நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க இயலாமல் போகும். பலரிடம் இவை சில வாரங்களில் தணிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் தாக்குகின்றன.

இந்நோயின் இயல்பைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ஒன்றை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப் 1890இல் பதிவு செய்தார். உடலை வருத்தி நடந்த நோயாளிகளின் பார்வை மங்குவதையும், ஓய்வெடுத்த பின் அது திரும்புவதையும் அவர் கண்டார். இதற்குக் காரணம் உழைப்பு அல்ல, உழைப்பால் ஏறும் உடல் வெப்பமே என்பது பின்னர் தெளிவாயிற்று. வெப்பம் ஏறும்போது கணுக்களில் உள்ள சோடியம் வாயில்கள் வழக்கத்தைவிட விரைவாக மூடிக்கொள்வதால், முன்பே தட்டுத்தடுமாறிச் சென்றுகொண்டிருந்த சைகை பழுதுற்ற இடத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி உயர்ந்தாலே சிலருக்கு இது நேரும் என்பதால், கோடைக்காலப் பேருந்துப் பயணம், வெந்நீர்க் குளியல், சாதாரணக் காய்ச்சல் ஆகியவை கூட அவர்களை முடக்கிவிடும். இதனால் புதிய சேதம் ஏதும் உண்டாவதில்லை, உடல் குளிர்ந்ததும் நிலைமை சீராகும் என்ற செய்தி நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருந்தால், வீண் அச்சத்தையும் சோம்பல் என்ற பழிச்சொல்லையும் தவிர்க்கலாம்.

வைரஸின் பங்கு

நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலையே ஏன் தாக்கத் தொடங்குகிறது என்ற வினாவுக்கு வலுவான விடையொன்று 2022 ஜனவரியில் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பெர்ட்டோ அஷெரியோ தலைமையிலான குழு, ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்தது. எச்.ஐ.வி. பரிசோதனைக்காக அவ்வீரர்களிடம் அவ்வப்போது எடுத்த ரத்தத்தின் எஞ்சிய சீரம் உறைநிலையில் சேமிக்கப்பட்டிருந்ததால், நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய உடல்நிலையையும் அறிய முடிந்தது. பணிக்காலத்தில் எம்.எஸ். கண்டறியப்பட்ட 955 பேரில் 801 பேரின் மாதிரிகள் ஆய்வுக்கு உதவின. அவர்களுள் 35 பேர் தொடக்கத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று இல்லாதவர்கள். நோய் தொடங்கும் முன் அவர்களில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் அத்தொற்று ஏற்பட்டிருந்தது. தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. அதைப் போலவே எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸால் அத்தகைய உயர்வு ஏதும் இல்லை. நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதமும் எப்ஸ்டீன்-பார் தொற்றுக்குப் பிறகே உயர்ந்தது.

அதே மாதத்தில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், இந்த வைரஸின் எப்னா-1 என்னும் புரதத்தின் ஒரு பகுதியும் மூளையில் உள்ள கிளையல்கேம் என்னும் புரதத்தின் ஒரு பகுதியும் ஒத்திருப்பதையும், ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பற்றிக்கொள்வதையும் காட்டினர். எனினும் வயது வந்தோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இந்த வைரஸைச் சுமந்திருக்க, மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஆதலால் மரபணு, சூரிய ஒளியும் வைட்டமின் டி-யும் குறைதல், புகைப்பழக்கம் போன்றவை சேர்ந்தால்தான் தொற்று நோயாக முற்றும் எனக் கருதப்படுகிறது.

மருந்துகளும் அவற்றின் எல்லையும்

எப்ஸ்டீன்-பார் வைரஸ் நிலையாகக் குடியிருப்பது பி-அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்களில்தான். அந்த அணுக்களை அகற்றும் ஓக்ரெலிசுமாப் 2017இல் அமெரிக்க அனுமதி பெற்றபோது, விட்டுவிட்டுத் தாக்கும் வகைக்கு மட்டுமன்றி, தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகைக்கும் பயன்படும் முதல் மருந்தாக அது அமைந்தது. அதே முறையில் செயல்படும் ரிட்டுக்ஸிமாப், 1997 முதல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு வரும் பழைய, விலை குறைந்த மருந்து. ஸ்வீடனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டுகளில் இம்மருந்தைப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும், டைமெதில் ஃபியூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டும் தாக்கியது.

புதிய தாக்குதல்களைத் தடுப்பதில் கிட்டிய இந்த வெற்றி, தாக்குதல் ஏதுமின்றி மெல்ல மெல்ல நடை குன்றும் கட்டத்தில் கிட்டவில்லை. அக்கட்டத்தில் அழற்சி மூளைக்குள்ளேயே மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்களின் துணையுடன் புகைந்துகொண்டிருப்பதே இதற்குக் காரணம். மூளைக்குள் ஊடுருவும் டோலிப்ரூட்டினிப் என்னும் மருந்து, இயலாமை கூடும் அபாயத்தை 31 விழுக்காடு குறைத்ததாக 2025இல் வெளியான ஆய்வு காட்டினாலும், கல்லீரல் பாதிப்பு அதன் பயன்பாட்டுக்குத் தடையாக நிற்கிறது. இழந்த உறையை மீண்டும் வளர்க்கும் முயற்சியில், பழைய ஒவ்வாமை மருந்தான கிளெமாஸ்டின் 2017இல் பார்வை நரம்பின் சைகை வேகத்தைச் சிறிதளவு மீட்டது. ஆயினும் அறுந்துபோன நரம்பிழையை மீட்கும் மருந்து இன்னும் இல்லை.

சங்கங்கள் செய்தது

1945 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த சில்வியா லாரி என்ற இளம்பெண், எம்.எஸ். நோயால் அவதியுற்ற தம் தம்பிக்காக, இந்நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் உண்டா என்று கேட்டு நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். மீண்டவர்களிடமிருந்து பதில் வரவில்லை. அதே கேள்வியைச் சுமந்திருந்த பிற குடும்பங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அவர்களைத் திரட்டி 1946இல் அவர் தொடங்கிய அமைப்பே அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கமாக வளர்ந்தது. அது வழங்கிய தொடக்ககால நிதியுதவியைப் பெற்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல்வின் கபாட், நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் புரதங்கள் மிகுந்திருப்பதை ஆராய்ந்தார்; நோயை உறுதிசெய்ய இன்றும் முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுத்துச் செய்யப்படும் பரிசோதனைக்கு அதுவே அடிப்படை.

லாரியின் முயற்சியால் 1967இல் உருவான சர்வதேச எம்.எஸ். கூட்டமைப்பு, இந்நோய்க்கான மருந்துகளை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கக் கோரியபோது, 2019இல் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. கூட்டமைப்பு சான்றுகளை விரித்துத் தொகுத்து மீண்டும் விண்ணப்பித்ததன் பயனாக, 2023இல் கிளாட்ரிபின், கிளாட்டிராமெர், ரிட்டுக்ஸிமாப் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. காப்புரிமை முடிந்த மருந்தை வேறொரு நோய்க்குப் பதிவு செய்வதால் நிறுவனங்களுக்கு ஆதாயமில்லை என்பதால், ரிட்டுக்ஸிமாப்புக்காக வாதிட நோயாளர் அமைப்பு முன்வர வேண்டியிருந்தது.

ரிட்டுக்ஸிமாப் பட்டியலில் இடம்பெற்றது இந்தியாவுக்கு நேரடியாகப் பொருந்தும்; அதன் நிகர் மருந்து 2007 முதலே ஹைதராபாத் நிறுவனம் ஒன்றால் தயாரிக்கப்படுகிறது. மங்களூருவில் நடந்த கணக்கெடுப்பு, லட்சம் பேரில் சுமார் 8 பேருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. அவ்விகிதத்தை நாடு முழுமைக்கும் பொருத்தினால் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆனால் இவ்வளவு பேர் சிதறியிருப்பதால், ஒரு சிற்றூர் மருத்துவர் தம் வாழ்நாளில் ஓரிருவரையே காண நேரலாம். 1985இல் தொடங்கிச் சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகளுடன் இயங்கும் இந்திய எம்.எஸ். சங்கம் இந்த இடைவெளியையே நிரப்புகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஏற்றுள்ள 21 வகை இயலாமைகளில் இந்நோயும் ஒன்று என்பதால், சான்றிதழும் உதவித்தொகையும் பெறுவதற்கான வழி சட்டப்படி திறந்துள்ளது.

நோயறிதலுக்கான மெக்டொனால்டு விதிகளின் 2025இல் வெளியான புதிய வடிவம், பார்வை நரம்பின் பாதிப்பையும் கணக்கில் கொண்டு, இரண்டாம் தாக்குதல் வரை காத்திராமல் நோயை உறுதிசெய்ய இடமளிக்கிறது. இன்றுள்ள மருந்துகள் வரவிருக்கும் சேதத்தைத் தடுப்பனவே அன்றி, நேர்ந்துவிட்டதை மீட்பன அல்ல; எனவே முதல் அறிகுறிக்கும் முதல் மருந்துக்கும் இடைப்பட்ட காலமே நோயாளியின் பிற்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அக்காலத்தில் நோயை உறுதிசெய்ய ஆகும் பகுதியை அறிவியல் குறைத்துவிட்டது. மங்கிய பார்வையைக் கண்ணாடிக் கோளாறு என்றும், மரத்த காலை ரத்தச்சோகை என்றும் எண்ணிக் கழியும் மாதங்களையும், விலைக்கு அஞ்சி மருந்தைத் தள்ளிப்போடும் மாதங்களையும் குறைப்பது அரசு, மருத்துவர், சங்கம் ஆகிய மூவரின் பொறுப்பாகும்.