சருகுத் தரையை நம்பி வாழும் இருவர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் கரையான் புற்று ஒன்று ஆழமாகத் தோண்டப்பட்டுக் கிடந்தால், அது பெரும்பாலும் கரடியின் வேலையாக இருக்கும். ஊனுண்ணி வரிசையில் வைக்கப்பட்ட விலங்குதான். ஆனால் இந்தக் கரடி பெரிதும் கரையான், எறும்பு, தேன், பழங்களைத் தின்றே வாழ்கிறது. உடலும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது. மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது. நீண்டு வளைந்த நகங்களால் புற்றை உடைக்கும். மண்ணை ஊதித் தள்ளும். மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழாய்போல் குவித்து, அந்தப் பல்லிடைவெளி வழியே கரையான்களை உறிஞ்சும். அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

கொன்றையும் நாவலும் இலந்தையும் பழுக்கும் காலத்தில் பழமே முதன்மை உணவு. விழுங்கிய விதைகள் எச்சத்தோடு காடெங்கும் பரவுகின்றன. தாய்க்கரடி தன் குட்டிகளைப் பல மாதங்கள் முதுகில் சுமந்தே திரியும்.

அதே தரையைக் கிளறி வாழ்வது சாம்பல் காட்டுக்கோழி. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக இல்லை. சருகைக் கிளறிக் கரையான், விதை, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும். மூங்கில் விதை உதிர்க்கும் இடங்களில் கூட்டமாகச் சேரும். சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள் புள்ளிகள் மின்னும். மேலைநாட்டுத் தூண்டில்காரர்கள் செயற்கைப் பூச்சி செய்ய இந்த இறகுகளை விரும்பியதால், எத்தனையோ சேவல்கள் உயிரிழந்தன. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழிதான் என்றாலும், பல கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம். ஆனால் சட்டம் உயிரைக் காத்தாலும், தரை கெட்டால் வாழ்க்கை இல்லை. கோடையில் மனிதர் மூட்டும் தீ பரவும்போது தரையில் இடப்பட்ட காட்டுக்கோழி முட்டைகளும், இரண்டுக்கும் இரை தரும் சருகும் புதர்களும் எரிந்துபோகின்றன. நீலகிரியில் குடியிருப்புகளை ஒட்டிக் கொட்டப்படும் உணவுக்கழிவு, கரடியை மனிதரின் வாசலுக்கே இழுக்கிறது. திடீரென எதிர்ப்படும் கரடி அஞ்சித் தாக்கும். இழப்பு இரு பக்கமும் நேரும்.

மலைக்குச் செல்பவர்கள் காட்டோரம் உணவை வீசாதீர்கள், தீ மூட்டாதீர்கள், காட்டுக்கோழிக் கறியைக் கேட்டு வாங்காதீர்கள். இந்த மூன்றையும் தவிர்த்தாலே இவ்விரண்டுக்கும் பெரிய உதவி.