மலை பெயருமா? விவிலியத்தை வாசிக்கும் முறை

2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியினால் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் கண்டியிலேயே இழப்பு மிக அதிகம். வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் மாட்டுப் பட்டியையும் விட்டு வந்த குடும்பங்களிடையே இரண்டு பேச்சுகள் அடிபடுகின்றன. "இது கடவுள் கொடுத்த தண்டனை" என்பது ஒன்று. "விசுவாசம் இருந்தால் மலை நம்மை ஒன்றும் செய்யாது, திரும்பிப் போவோம்" என்பது மற்றது. இரண்டுக்கும் விவிலியத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆகவே விவிலியத்தை எப்படி வாசிப்பது என்பது இன்று நம் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

உவமை எது?

'மலைபோல வந்த துன்பம் பனிபோல நீங்கியது' என்று நாம் சொல்கிறோம். அதைக் கேட்டவர் எவரும் அந்த மலை எங்கே என்று தேடுவதில்லை. யூதரின் பேச்சிலும் இப்படியே. சிக்கலான கேள்விகளைத் தீர்க்கும் ஆசிரியரை 'மலையைப் பெயர்ப்பவர்' என்று அவர்கள் அழைத்தார்கள். கடுகளவு விசுவாசம் மலையையும் பெயர்க்கும் என்று இயேசு கூறியதை (மத்தேயு 17:20) இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். சரிவில் வெடிப்புக் கண்ட பிறகும் லயனை விட்டு இறங்காமல் இருப்பதற்கு அது கட்டளை அல்ல.

பாறைமேல் கட்டிய வீடும் (மத்தேயு 7:24) அப்படித்தான். கேட்ட சொல்லின்படி நடப்பவனுக்கு அது உவமை. அதை வீடு கட்டும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஹந்தானை போன்ற மலைகளில் பாறைக்கு மேல் மண் படிந்த செங்குத்தான சரிவுகள் உண்டு. மழைநீர் ஊறி மண் கனக்கும்போது பாறையின் மேலாகவே மண் வழுக்கி இறங்கக்கூடும்.

திருச்சபையின் போதனை

இது புதிய விளக்கம் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தீனார், வானத்தையும் பூமியையும் பற்றி அறியாமல் பேசிவிட்டு அதற்கு விவிலியத்தைச் சாட்சிக்கு அழைக்கும் கிறிஸ்தவர்களைக் கண்டித்தார். அந்த எச்சரிக்கை மறக்கப்பட்டபோது, 1633இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். அந்தத் தவறை 1992இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார். கவிதை, வரலாறு, இறைவாக்கு என எந்த வகை எழுத்து என்பதை அறிந்தே பொருள் கொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது.

நேராகவே சொல்லப்பட்டவை

அப்படியானால் எல்லாமே உவமையா? இல்லை. உவமையை நேர்ப்பொருளாக எடுத்துக்கொள்ளும் நாமே, நேராகச் சொன்னதை 'அது ஆன்மீகம்' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தது உண்மையாக நடந்த விபத்து. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே மறுமொழி கூறினார் (லூக்கா 13:4-5). மனந்திரும்பும்படி கேட்டதும் உயிர் தப்பிய எல்லாரையும் பார்த்துத்தான். மண்ணில் புதைந்தவர்கள் தண்டிக்கப்பட்டவர்கள் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

புதிதாக வீடு கட்டுகிறவன், எவரும் விழுந்து சாகாதபடி மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். தவறினால் இரத்தப்பழி அவன் வீட்டின் மேல் வரும் என்பது சட்டம் (இணைச்சட்டம் 22:8). இதில் உவமை எதுவுமில்லை. ஆபத்தான இடத்தில் மக்களைக் குடியேற்றுகிறவர்களும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பூமியை ஆண்டுகொள்ளும்படி சொன்ன அதே தொடக்க நூல் (1:28), மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் என்கிறது (2:15). முன்னதைப் பின்னதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் விளக்கினார். கண்டி மலைகளில் காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டார்கள். கைவிட்ட தேயிலைச் சரிவுகளில் மானாப்புல் மண்டியது. 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பண்படுத்தலையும் பாதுகாத்தலையும் பிரித்ததன் பலனை மலையடியில் வாழ்வோரே சுமக்கிறார்கள்.

இப்போது செய்யவேண்டியவை

முதலாவது, எச்சரிக்கையை மதிப்போம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழையை அளவுகோலாகக் கொள்கிறது. 75 மில்லிமீற்றரில் விழிப்பு, 100இல் எச்சரிக்கை, 150இல் வெளியேற்றம். அளவுமானி இல்லாத இடத்திலும் அடையாளங்கள் உண்டு: நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென ஊறும் நீர், கலங்கி ஓடும் ஊற்று. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். கான்களை அடைபடாமல் வைத்திருங்கள்.

இரண்டாவது, மாற்றுக் காணியை ஒன்றாகச் சேர்ந்து கேட்போம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. ஆபத்தைப் பற்றி முன்னரே எச்சரித்திருந்தார்கள். ஆனால் குடும்பங்களுக்குப் போக வேறு வீடும் நிலமும் இருக்கவில்லை. 'வெளியேறு' என்று சொல்பவர்கள் 'எங்கே' என்பதையும் சொல்ல வேண்டும்.

நிலம் கடவுளுடையது, அதை என்றென்றைக்குமாக விற்றுவிடக் கூடாது என்று லேவியர் 25:23 கூறுகிறது. குடும்பம் இழந்த காணி ஐம்பதாம் ஆண்டில் அதற்குத் திரும்பவேண்டும் என்று அதே அதிகாரம் ஏற்பாடு செய்கிறது. இருநூறு ஆண்டுகள் உழைத்த பிறகும் காணி உறுதி இல்லாத தோட்டக் குடும்பங்கள் இந்தப் பகுதியைத் தங்கள் கூட்டங்களில் வாசிக்கட்டும். அதை உவமையாக்கிவிடாமல், எழுதியிருக்கிறபடியே வாசிக்கட்டும்.