மயலின் செல்கள்: முதலில் யாருக்கு?

மூளையின் பெரும்பாலான நீண்ட நரம்பிழைகள் மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்தியவை. உறையுள்ள வேகமான நரம்புகளில் சமிக்ஞைகள் நொடிக்கு 100 மீட்டர் வரை பாயும். உறையில்லாத மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர் அளவுக்கே நகரும். மூளையில் இந்த உறையைச் சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒன்றே பல கைகளை நீட்டி, பல இழைகளுக்கு உறையிடும். மனித ஸ்டெம் செல்லிலிருந்து இதை உருவாக்குவது நெடுநாள் பெரும்பாடாக இருந்தது. 2013-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் கோல்ட்மன் குழுவுக்கு, தோல் செல்களை ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து ஒலிகோடென்ட்ரோசைட்டாக முதிரும் முன்னோடிச் செல்களைப் பெற 100 நாட்களுக்கு மேல் ஆனது. 2017-இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் சாக்ஸ்10, ஓலிக்2, என்கேஎக்ஸ்6.2 என்ற 3 மரபணுக்களை முடுக்கி, 28 நாட்களிலேயே ஒலிகோடென்ட்ரோசைட்டுகளை ஏராளமாக உண்டாக்கினார்கள்.

செல் கிடைத்தாயிற்று, யாருக்குக் கொடுப்பது என்பதுதான் இப்போது சிக்கல். மயலின் அழிவு என்றதும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்நோயாளிகளின் மூளையில் முன்னோடிச் செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புண்பட்ட இடங்கள் பலவற்றில் அவை முதிராமல் தேங்கி நிற்கின்றன. உடலின் எதிர்ப்பு மண்டலம் உறையைத் தாக்குவதும் ஓய்வதில்லை. அங்கே புதுச் செல்லை இறக்கினால் அதற்கும் அதே கதி நேரலாம். பெலிசேயஸ்-மெர்ஸ்பாக்கர் நோயோடு பிறக்கும் குழந்தைகளின் நிலை வேறு. பிஎல்பி1 என்ற மரபணுவின் கோளாறால் அவர்களுடைய செல்களுக்கே சரியான உறை போடத் தெரியாது. தாக்கும் எதிரி இல்லை. நல்ல செல்லுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. பிறவியிலேயே மயலின் அமையாத எலிகளுக்குக் கோல்ட்மன் குழு அந்த முன்னோடிச் செல்களைச் செலுத்தியபோது அவை மூளையெங்கும் பரவி உறையிட்டன. எலிகளின் ஆயுளும் நீண்டது. ஆகவே, முதல் உரிமை இக்குழந்தைகளுக்கே என்பேன்.

முதிராத ஸ்டெம் செல் கலந்துவிட்டால் கட்டி வளராதா? நியாயமான அச்சம். அந்த எலிகளில் கட்டி காணப்படவில்லை. ஆனால் எலியின் ஆயுள் எங்கே, குழந்தையின் ஆயுள் எங்கே! பல்லாண்டுக் கண்காணிப்பு இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. மருந்தாலேயே தேங்கிய செல்களை எழுப்பலாமே என்பது இன்னொரு வாதம். கிளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்து, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயாளிகளின் பார்வை நரம்பில் சமிக்ஞையின் வேகத்தைச் சற்றே கூட்டியதாக 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுக்கு அந்த வழியே பொருத்தம். ஆனால் மரபணுவே பழுதான செல்லை எழுப்பி என்ன பயன்?

நம் ஊரில் ஸ்டெம் செல் ஊசி என்று விற்கப்படுவது இதுவல்ல. எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ரத்தநோய்ச் சிகிச்சை தவிர மற்றவை ஆய்வு நிலையிலேயே உள்ளன என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. நரம்பு நோய்க்கு அந்த ஊசிக்கென்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.