கோ, வென்ற், கோன்: ஓர் ஆங்கில வினையும் தமிழ் வினையெச்சமும்

"கோ" என்னும் ஆங்கில வினையின் மூன்று உருவங்களையும் கூறுக என்று கேட்டால், ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் "கோ, வென்ற், கோன்" எனத் தங்குதடையின்றி ஒப்புவிப்பான். அவனிடமே "அவன் பாடசாலைக்குப் போகவில்லை" என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்படி கூறினால், "ஹீ டிட் நொற் வென்ற்" என எழுதி வைப்பான். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிந்த செய்தி இது. அட்டவணை அவனுக்கு நினைவில் இல்லை என்று எவரும் கூற இயலாது; நன்றாகவே நினைவில் உளது. ஆயின், அவ்வட்டவணை அவனுக்கு உருவத்தைத் தந்ததேயன்றி, அவ்வுருவம் நிற்கவேண்டிய இடத்தைத் தரவில்லை. மறுமுறையும் அட்டவணையை ஐம்பது தரம் எழுதச் செய்வதனால் இக்குறை நீங்குவதில்லை. இடத்தை அறிவிக்கும் கருவி வேறொன்று வேண்டும். அக்கருவி மாணவனுடைய தாய்மொழி இலக்கணத்திலேயே இருக்கின்றது என்பதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலச் சொற்கள் யாவும் ஈண்டு நம் எழுத்திலேயே தரப்படுகின்றன. ஒலி சிறிது பிறழினும் பொருள் பிறழாது என நம்புகின்றேன்.

இது வெறும் இலக்கண நுட்பம் எனக் கருதிவிடல் ஆகாது. நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை எனத் தொடரும் எம் கரையோர ஊர்களிற் பெரும்பாலான பிள்ளைகள் முழுக்க முழுக்கத் தமிழ் மொழி மூலமே கல்வி பயில்கின்றனர். 1945ஆம் ஆண்டு முதல் வந்த இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் இவ்வூர்களுக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. அதனைக் குறைகூறுதல் என் கருத்தன்று. 1995ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று ஒலுவிலிலேயே அமைந்திருக்கின்றது. ஊர்ப் பிள்ளைக்கு அதன் வாயில் அண்மையிலுள்ளது. ஆனால் உள்ளே பல துறைகளில் விரிவுரை மொழி ஆங்கிலம். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் திறம்படக் கற்ற மாணவன் ஒருவன், அறிந்த விடையை எழுதக் கை கூசி நிற்பதனை யாம் காண்கின்றோம். சொல் தெரியாமையாற் கூசுகின்றானல்லன். தெரிந்த சொல்லின் எவ்வுருவத்தை எங்கே இடுவது என்னும் ஐயத்தினாற் கூசுகின்றான்.

இந்நோய்க்கு ஆசிரியர் சிலர் கூறும் மருந்து, "ஆங்கில வகுப்பில் தமிழை மறந்துவிடு" என்பதாகும். யான் இதனை ஏற்கேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தாய்மொழியை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வகுப்பினுள் நுழைய அஃது ஒரு செருப்பன்று. எமக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே 1892இல் தோன்றிய சுவாமி விபுலானந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். சேக்ஸ்பியர் நாடகங்களை ஆராய்ந்து "மதங்க சூளாமணி" என்னும் நூலைத் தமிழில் யாத்தவர். ஒருமொழிப் புலமை மற்றொரு மொழிப் புலமைக்குத் தடையாகும் என்பார்க்கு இப்பகுதியிலேயே விடை இருக்கின்றது.

இனி, "கோ" என்பதன் இறந்தகாலம் "வென்ற்" ஆயது எவ்வாறு? இரண்டிற்கும் ஓரெழுத்தேனும் பொதுவாக இல்லையே என மாணவர் வினவுவர், நியாயமான வினாவே. பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் இறந்தகாலம் "ஏயோடெ" என்பதாகும். அதுவும் வேறொரு சொல்லே. "வென்ட்" என்றொரு தனிவினை, திரும்புதல், வழிக்கொள்ளுதல் என்னும் பொருளில் அக்காலத்தில் வழங்கிற்று. "சென்ட்" என்பது "சென்ற்" ஆவதும், "பென்ட்" என்பது "பென்ற்" ஆவதும் போலவே "வென்ட்" என்பதும் "வென்ற்" ஆயிற்று. நாளடைவில் "ஏயோடெ" வழக்கொழிய, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டளவில் அதனிடத்தை "வென்ற்" பற்றிக்கொண்டது. ஆகவே "வென்ற்" தன் சொந்த வீட்டில் ஒழுங்கான பிள்ளையே. வேற்று வீட்டிற் குடிபுகுந்தமையால் ஒழுங்கற்றதாகத் தோன்றுகின்றது. (எம்முடைய "சென்றான்" என்பதனை இந்தச் "சென்ற்" என்பதனோடு பொருத்தி உறவு கற்பிக்க முனைவாரும் உளராகலாம், அது தற்செயலான ஒலியொப்புமையன்றி வேறன்று.)

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைகளே பெரிதும் ஒழுங்கற்றவையாக இருக்கின்றன. இருத்தல், உடைத்தாதல், செய்தல், சொல்லுதல், ஆக்குதல், போதல், எடுத்தல், வருதல், காணுதல், பெறுதல் என்னும் பொருள்தரும் முதன்மையான வினைகள் பத்தும் இவ்வினத்தனவே. காரணம் எளிது. நாள்தோறும் நாவில் உருளும் சொல்லின் பழைய உருவம் மறக்கப்படுவதில்லை. எப்பொழுதோ ஒருமுறை வரும் சொல்லே பொதுவிதிக்குப் பணிகின்றது. "ஹெல்ப்" என்னும் வினைக்கு முன்னர் "ஹோல்ப்" என்றோர் இறந்தகாலம் இருந்தது; அது மறைந்து "ஹெல்ப்ட்" என ஒழுங்காயிற்று. இக்காலத்திற் பிறந்த "கூகிள்" என்னும் வினையும் பிறந்த அன்றே ஒழுங்கான விகுதியைப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலேயர் குழந்தையும் மூன்று நான்கு வயதில் "கோ" என்பதனோடு பொதுவிகுதியைச் சேர்த்து "கோட்" என்றே கூறும். எம் மாணவன் அவ்வாறு எழுதினால், விதியை அறிந்திருக்கின்றான் என்று மகிழ்ந்து பின்னர்த் திருத்துதல் நன்று.

தமிழ் இதனின் வேறுபட்டதோ? "வா" என்பது வந்தான் என்றும், "தின்" என்பது தின்றான் என்றும், "சா" என்பது செத்தான் என்றும், "புகு" என்பது புக்கான் என்றும் ஆகின்றன. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் த், ட், ற், இன் என இறந்தகால இடைநிலைகளை வகுத்தார். எவ்வினைக்கு எது வரும் என்பதனைப் பிள்ளை தாயின் மடியிலேயே கற்றுக்கொள்கின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிக்கன் எம் வினைகளைப் பதின்மூன்று வாய்பாடுகளாக வகுக்க வேண்டியிருந்தது. தமிழ் கற்க வந்த அயலவர் அப்பதின்மூன்றையும் கண்டு மலைத்திருப்பர். எனவே, உருவ வேறுபாடு எம் பிள்ளைகளுக்குப் புதுமையன்று.

இனி இடத்திற்கு வருவோம். தமிழில் "போ" என்னும் வினை பல உருவங்கொள்ளினும், இங்கு வேண்டுவன மூன்று: போக, போனான், போய். இலக்கண நூலார் முதலாவதனைச் "செய" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பர், இரண்டாவது வினைமுற்று, மூன்றாவது "செய்து" என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ஆங்கிலத்தின் மூன்றையும் இவற்றின் அருகே நிறுத்துக. "போக" வரும் இடத்தில் "கோ". "போனான்" வரும் இடத்தில் "வென்ற்". "போய்" என்பது "இரு" என்னும் துணைவினையோடு கூடிவரும் இடத்தில் "கோன்".

போகவில்லை, போக வேண்டும், போக முடியும், போகலாம் என்பவற்றை நோக்குக. இவற்றுள் எங்கும் "போன" என்னும் உருவம் வரவில்லை. "அவன் நேற்றுப் போகவில்லை" என்பது இறந்தகாலச் செய்தியே. எனினும் "போனவில்லை" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. எம் ஊரில் "போகல்ல" என்றும், யாழ்ப்பாணத்தார் "போகேல்லை" என்றும் கூறினும், இரண்டினுள்ளும் இருப்பது "போக" என்பதே. "டிட் நொற் கோ" என்பதன் அமைப்பும் இதுவே. காலத்தை "டிட்" சுமக்கின்றது. வினை காலங்காட்டாத உருவில் நிற்கின்றது. "டிட் நொற் வென்ற்" என எழுதிய மாணவனிடம், "நீ எழுதியது போனவில்லை என்பதாகும்" என்று கூறினால் வகுப்பே நகைக்கும். அவனும் உடன் நகைத்துத் தானே திருத்திக்கொள்வான். விதியை ஓதுவதினும் இந்நகைப்பு வலிதாக வேலை செய்வதனைக் கண்டுளேன்.

"கோன்" என்பதும் அவ்வாறே. "அவன் போய்" என்று ஒருவர் நிறுத்தினால், கேட்பவர் மேலே என்ன என்று காத்திருப்பர். எச்சமாதலின் அது முடிக்கும் சொல்லை அவாவி நிற்கின்றது. "ஹீ கோன்" என்பதும் அத்தகைய முடியாத சொற்றொடரே. "போயிருக்கிறான்" என்பதில் "இருக்கிறான்" முடித்துவைப்பது போல, ஆங்கிலத்தில் "ஹாஸ்" வந்து "ஹாஸ் கோன்" என முடித்துவைக்கின்றது. "ஹாஸ் வென்ற்" என்பதோ "போனான் இருக்கிறான்" என்பதற்கு நிகராகும்.

இவ்வளவில் நிறுத்தினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இராது. தாய்மொழி வழிகாட்டுவது போலவே வழிதவறவும் செய்யும் இடங்கள் உள. அவ்விடங்களை ஆசிரியர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, வினா. "போகவில்லை" என எதிர்மறையில் எம்மைக் காத்த தமிழ், "போனானா?" என வினாவில் வினைமுற்றையே வைத்துக்கொள்கின்றது. ஆதலின் "டிட் ஹீ வென்ற்" என்னும் பிழை எதிர்மறைப் பிழையினும் நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றது. இங்கே தமிழ் உதவாது. எதிர்மறையை நன்கு பழக்கிய பின்னர், அதிலிருந்தே வினாவை ஆக்கிக் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, "போயிருந்தேன்" என்பது. "நேற்றுக் கல்முனைக்குப் போயிருந்தேன்" என்று யாம் இயல்பாகச் சொல்கின்றோம். போய் வந்தேன் என்பதே பொருள். மாணவன் இதனை "ஹாட் கோன்" என ஆக்குகின்றான். மாணவன் மாத்திரமன்று, அலுவலகக் கடிதங்களிலும் இவ்வழக்கு மலிந்துள்ளது. ஆங்கிலத்தில் "ஹாட் கோன்" தனித்து வாழாது. இறந்தகால நிகழ்ச்சி இரண்டு இருந்து, அவற்றுள் முந்தியதனைச் சுட்டவே அது வரும். "பஸ் வந்தபோது அவன் போய்விட்டிருந்தான்" என்பதற்கு "ஹாட் கோன்" தகும். நேற்றைய கல்முனைப் பயணத்திற்கு "வென்ற்" போதும். இவ்வாறே, "2019இல் கொழும்புக்குப் போயிருக்கிறேன்" எனத் தமிழில் ஆண்டைக் குறித்துச் சொல்லலாம். ஆங்கிலத்திலோ முடிந்த காலத்தைக் குறிக்கும் சொல் வந்தவுடன் "ஹாவ்" விலகி "வென்ற்" வந்துவிடும்.

மூன்றாவது மிக நுண்ணியது. வீட்டு வாயிலில் ஒருவர் வந்து வினவ, பிள்ளை "வாப்பா கடலுக்குப் போயிருக்கிறார்" என்று விடையிறுக்கின்றது. தோணி இன்னும் கடலில் உளது. ஆதலின் "ஹாஸ் கோன்". அதே பிள்ளை பிறிதொரு நாள், "வாப்பா மக்காவுக்குப் போயிருக்கிறார்" என்று பெருமையாகச் சொல்கின்றது. வாப்பாவோ திரும்பிவந்து திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். இதற்கு "ஹாஸ் பீன்" என்றே எழுதல் வேண்டும். தமிழில் ஒரே சொல். போனவர் திரும்பினாரா என்பதனை இடம் நோக்கி உணர்கின்றோம். பிரித்தானிய வழக்கைத் தழுவும் எமது ஆங்கிலம் அதனைச் சொல்லிலேயே பிரித்துக் காட்டுகின்றது. "யான் கொழும்புக்குப் போயிருக்கிறேன்" என்பதற்கு "ஐ ஹாவ் கோன்" என எழுதுபவர், தாம் இப்பொழுது இங்கில்லை என்று தம் வாயாலேயே கூறுபவராவர். மேசைமீது எழுதிவைத்துவிட்டுப் புறப்படும் குறிப்புக்கு மாத்திரமே அது பொருந்தும்.

நான்காவது, "போனால்" என்பது. "நாளை போனால்" என்னும் எதிர்காலச் செய்தியிலும் எம் மொழி இறந்தகால அடியை வைத்துள்ளது. மாணவன் "இஃப் ஐ வென்ற்" என்று தொடங்கி "வில்" என முடிக்கின்றான். ஆங்கிலத்தில் "இஃப்" என்பதன்பின் "வென்ற்" வருமாயின் நடவாத ஒன்றைக் கற்பனை செய்வதாகப் பொருள்படும். நடக்கக்கூடியதற்குக் "கோ" என்பதே வேண்டும். பண்டைத் தமிழின் "செயின்" என்னும் வாய்பாட்டில் இறந்தகால இடைநிலை இல்லை. "போகின்" என்பது இன்றும் பேச்சில் வழங்கியிருந்தால் இத்தொல்லை குறைந்திருக்கும்! ஆயின் "போயிருந்தால்" என்பது மட்டும் "இஃப்" என்பதோடு "ஹாட் கோன்" வருவதற்கு நேரே ஒத்து வருகின்றது. அதனை அஞ்சாது கற்பிக்கலாம்.

"கோ" என்பதனைக் கொண்டு கூறிய மூன்றன் அடைவு ஏனைய வினைகளுக்கும் பொருந்துமா என்னும் வினா எஞ்சுகின்றது. வர, வந்தான், வந்து என்பவற்றுக்குக் "கம், கேம், கம்" ஒத்துவருகின்றன. முதலதும் மூன்றாவதும் ஒலியால் ஒன்றாயினும் இடத்தால் வேறு. "புற்", "கற்" போன்றவற்றில் மூன்றும் ஒரே உருவமாதலின் மாணவன் பிழைவிடான். பிழைவிடாமையாலேயே இடத்தையும் கற்கமாட்டான். அவற்றைக் கொண்டு பாடத்தைத் தொடங்குதல் தகாது.

செயப்பாட்டு வினையில் மாத்திரம் எச்சரிக்கை வேண்டும். "எழுதப்பட்டது" என்பதில் உள்ளது "எழுத" என்னும் செயவெனெச்சம். யாம் கூறிய விதியை அப்படியே பின்பற்றுபவன் "வாஸ் றைற்" என எழுதுவான். வேண்டுவதோ "வாஸ் றிற்றன்" என்னும் மூன்றாம் உருவம். "கோ" செயப்படுபொருள் குன்றிய வினையாதலின் அங்கு இச்சிக்கல் தோன்றவில்லை. இதற்கும் தமிழில் ஒரு வழி உண்டு. "கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று யாம் கேட்கின்றோமன்றோ? அங்கே "எழுத" இல்லை, "எழுதி" உளது. செயப்பாட்டு வினையைத் தொடங்கும் நாளில் "எழுதப்பட்டது" என்பதனை ஒருபுறம் வைத்துவிட்டு, "எழுதியிருக்கிறது", "பூட்டியிருக்கிறது", "உடைந்திருக்கிறது" என்பவற்றிலிருந்து தொடங்கினால், மாணவன் மூன்றாம் உருவத்தைத் தானே தேடி எடுக்கின்றான்.